கேள்வி பதில்: எதையும் ஒளித்து வைக்காத ஒரு நடிகை

போன இதழில் ஒரு வாசகி, "வயதாவதை மறைக்காமல், அந்த வயதோடேயே பெரிய வேடங்களில் நடித்த நடிகை உலகத்தில் யாராவது உண்டா?" என்று கேட்டிருந்தார். "பிரான்ஸின் சிமோன் சிஞோரே" என்று ஒரே வரியில் பதில் எழுதிவிட்டு அடுத்த கேள்விக்குப் போய்விட்டேன். அது போதாது என்று வந்திருக்கும் கடிதங்கள் சொல்கின்றன. சரி, இந்த முறை எல்லாக் கேள்விகளும் அவரைப் பற்றியவைதான்.

பிரெஞ்சு நடிகை என்றால் எனக்கு பிரிஜித் பார்தோவும் காத்ரின் தெனவும்தான் தெரியும். இவர் யார், எங்கிருந்து வந்தவர்? (மதுரை வாசகி)

அவர் பிறந்தது பிரான்ஸில்கூட இல்லை, ஜெர்மனியில். முதல் உலகப் போர் முடிந்து ரைன் நதிப் பகுதியில் பிரெஞ்சுப் படை முகாமிட்டிருந்த நேரம், அப்பா ஆந்த்ரே காமின்கர் அந்தப் படையில் இருந்தார், அதனால் 1921 மார்ச் 25 அன்று வீஸ்பாடன் நகரத்தில் பிறந்தார். அப்பா போலந்து வழி வந்த யூதர், பல மொழிகள் தெரிந்தவர். ஒருவர் மேடையில் பேசப் பேச அதே நேரத்தில் இன்னொரு மொழியில் சொல்லும் வேலையில் பின்னாளில் பெரிய பெயர் எடுத்தார். அம்மா ஜார்ஜெத் சிஞோரே, பிரெஞ்சுக் கத்தோலிக்கர். பாரிஸை ஒட்டிய நெய்யியில் ஓரளவு வசதியாகவே வளர்ந்த பெண்.

1940-ல் ஹிட்லர் படை பாரிஸுக்குள் வந்தது. அப்பா லண்டனுக்கு, ஜெர்மனிக்கு அடிபணியாத பிரெஞ்சுத் தளபதி தெ கோல் பக்கம் போய்விட்டார். வீட்டில் அம்மா, இரண்டு தம்பிகள், 19 வயது சிமோன், கையில் காசு இல்லை. பள்ளித் தோழி ஒருத்தியின் அப்பா ழான் லூஷேர் பத்திரிகை நடத்திக்கொண்டிருந்தார், அங்கே டைப்பிஸ்ட் வேலை கிடைத்தது. அது ஜெர்மானியர்களுக்கு ஒத்து ஊதிய பத்திரிகை. போர் முடிந்ததும் தேசத் துரோகத்துக்காக லூஷேரைச் சுட்டுக் கொன்றார்கள். யூத அப்பா லண்டனில், மகள் அந்த ஆபீஸில்! இதை வேறொருவர் தோண்டி எடுத்து அவரை மாட்டிவிடவில்லை. அவரே தன் நினைவுக் குறிப்பில், எந்தச் சாக்கும் சொல்லாமல், விவரமாக எழுதி வைத்தார். எனக்கு இந்த மனுஷியைப் பிடிக்க ஆரம்பித்ததே அந்தப் பக்கங்களில்தான்.

1941-ல் அந்த வேலையை விட்டுவிட்டு, பாரிஸின் சாந்-ழெர்மேன் பகுதியில் இருக்கிற கஃபே த ஃப்ளோர் என்ற காபிக் கடையே கதி என்று ஆனார். எழுத்தாளர்கள், ஓவியர்கள், வேலையில்லாத நடிகர்கள் எல்லாரும் கூடும் இடம். தான் உண்மையில் பிறந்தது அந்தக் கடையின் பெஞ்சில்தான் என்று எழுதுகிறார். அங்கிருந்துதான் சினிமா. ஆனால் யூதத் தகப்பனின் மகளுக்கு நடிகர் அட்டை கிடைக்காது, அதனால் கூட்டத்தில் நிற்கும் வேடங்கள்தான். காமின்கர் என்ற பெயரே அந்த நாட்களில் ஆபத்து என்பதால் அம்மாவின் பிறந்த வீட்டுப் பெயரை எடுத்துக்கொண்டார்.

அவர் பெயரைச் சரியாக எப்படிச் சொல்வது? (புதுச்சேரி வாசகர்)

சிமோன் சிஞோரே. எழுத்தில் கடைசியில் ஒரு 'ட்' இருக்கும், வாயில் வராது. இது உங்கள் ஊரில் உங்களுக்கே தெரிந்திருக்குமே!

இளமையில் பெரிய அழகியா? அப்படியிருந்தால் வயதானபின் வந்த மாற்றம் அவரை உறுத்தவில்லையா? (ஈரோடு வாசகி)

உங்கள் இரண்டாவது கேள்விக்குப் பின்னால் வருகிறேன். முதல் கேள்விக்கு 1952-ல் வந்த 'காஸ்க் தோர்' படம்தான் பதில். ழாக் பெக்கர் இயக்கியது. தலைப்புக்குத் 'தங்கத் தலைக்கவசம்' என்று பொருள், உச்சியில் தூக்கிக் கட்டிய அவருடைய பொன்னிறக் கொண்டையைத்தான் சொல்கிறார்கள். 1900-களின் தொடக்கத்தில் பாரிஸின் பெல்வில் பக்கத்து ரவுடிக் கும்பல்களுக்கு நடுவே நிஜமாக வாழ்ந்த ஒரு பெண்ணின் கதையை ஒட்டிய படம்.

அதில் ஆற்றங்கரை நடனக் கூடத்தில் ஒரு காட்சி. மரீ (அதுதான் சிஞோரேவின் வேடம்) ஒரு ரவுடியோடு சேர்ந்து சுற்றிச் சுற்றி ஆடுகிறாள். ஓரமாக ஒரு தச்சன் நிற்கிறான், செர்ஜ் ரெஜியானி. ஒவ்வொரு சுற்றிலும் அவள் உடம்பு திரும்புகிறது, கண் மட்டும் திரும்ப அவன் நிற்கும் இடத்துக்கே வந்து நிற்கிறது. ஒரு வார்த்தை கிடையாது. அவ்வளவுதான், அந்தத் தச்சனின் தலையெழுத்து அங்கேயே முடிவாகிவிட்டது என்பது நமக்குப் புரிந்துவிடுகிறது. படத்தின் கடைசியில் அதே பெண் விடியற்காலையில் ஒரு ஜன்னலில் நின்று கீழே நடப்பதைப் பார்க்கிறாள். என்ன பார்க்கிறாள் என்பதை நான் சொல்ல மாட்டேன். ஆனால் அந்த முகத்தைப் பார்த்த பிறகு நடனக் காட்சியை மறுபடி ஓட்டிப் பாருங்கள்.

பிரான்ஸில் அந்தப் படம் அப்போது ஓடவில்லை. இங்கிலாந்தில்தான் முதலில் கொண்டாடினார்கள், சிறந்த வெளிநாட்டு நடிகைக்கான பிரிட்டிஷ் விருதையும் அதற்காகக் கொடுத்தார்கள். இன்னொரு தகவல், அமெரிக்கப் பாடகி நீனா சிமோனின் மேடைப் பெயரில் இருக்கும் 'சிமோன்' இவருடையதுதான், இவர் மேல் இருந்த அபிமானத்தில் வைத்துக்கொண்டது.

'லெ தியாபோலிக்' பார்த்தேன், ராத்திரி குளியலறைக்குப் போகவே பயமாக இருந்தது. அதில் கறுப்புக் கண்ணாடியோடு வருபவர்தானே இவர்? (தஞ்சாவூர் வாசகர்)

அவரேதான். 1955, ஹென்றி-ழார்ஜ் க்ளூஸோ படம். ஆண்பிள்ளைகள் விடுதிப் பள்ளி ஒன்றின் தலைமையாசிரியருக்கு மனைவியும் உண்டு, அதே பள்ளியில் ஆசிரியையாக ஒரு காதலியும் உண்டு, அவனுடைய கொடுமை தாங்காமல் இரண்டு பேரும் கைகோத்துக்கொள்கிறார்கள். அந்தக் கறுப்புக் கண்ணாடி ஸ்டைலுக்காகப் போட்டது இல்லை, அவன் அடித்த காயத்தை மறைக்கப் போட்டது. முடிவை யாருக்கும் சொல்லிவிடாதீர்கள் என்று படமே கடைசியில் கேட்டுக்கொள்கிறது, அதனால் நானும் இதோடு நிறுத்திக்கொள்கிறேன்.

ஆஸ்கர் வாங்கியவர் என்கிறார்கள். பிரெஞ்சுப் படத்துக்கா? (சேலம் வாசகர்)

இல்லை, ஆங்கிலப் படத்துக்கு. ஜாக் கிளேட்டன் இயக்கிய 'ரூம் அட் தி டாப்'. வட இங்கிலாந்தில் ஒரு ஆலை நகரம். பணக்கார வீட்டு மாப்பிள்ளையாகி மேலே ஏறிவிடத் துடிக்கும் ஒரு குமாஸ்தாவாக லாரன்ஸ் ஹார்வி. அவனைவிட மூத்தவளாக, கல்யாண வாழ்க்கை கசந்துபோனவளாக, அவனை உண்மையாக நேசிக்கும் ஆலிஸாக இவர். அப்போது சிஞோரேவுக்கு வயது 37. கதையிலேயே "வயதானவள்" என்று தள்ளிவிடப்படும் பாத்திரம். அந்த வயதில் பல நடிகைகள் தயங்கி ஒதுங்கும் வேடத்தை இவர் துணிந்து எடுத்துக்கொண்டார், கண்ணுக்குக் கீழே விழ ஆரம்பித்திருந்த நிழலை அப்படியே கேமராவுக்குக் கொடுத்தார்.

1959-ல் கான் விழாவில் சிறந்த நடிகை, 1960 ஏப்ரலில் ஆஸ்கர். எதிரே யார் யார் தெரியுமா? ஆட்ரி ஹெப்பர்ன், கேத்தரின் ஹெப்பர்ன், எலிசபெத் டெய்லர், டோரிஸ் டே! இதில் இன்னும் பெரிய விஷயம், அதற்குச் சில வருஷம் முன்புவரை அமெரிக்கா இவருக்கு விசாவே கொடுக்கவில்லை. அணுகுண்டைத் தடை செய்யக் கேட்ட 1950-ன் ஸ்டாக்ஹோம் விண்ணப்பத்தில் பின்னாளில் கணவரானவரோடு சேர்ந்து கையெழுத்துப் போட்டவர், இடதுசாரிகளோடு பழகுபவர் என்று கதவைச் சாத்தி வைத்திருந்தார்கள்.

இவருடைய கணவருக்கும் மர்லின் மன்றோவுக்கும் தொடர்பு இருந்ததாமே? இவ்வளவு உறுதியான பெண் அதை எப்படிப் பொறுத்துக்கொண்டார்? (கோவை வாசகி)

கணவர் ஈவ் மோந்தான், பாடகர், நடிகர், இத்தாலியிலிருந்து பிழைக்க வந்த ஏழைக் குடும்பத்துப் பிள்ளை. 1949 ஆகஸ்டில் தெற்கு பிரான்ஸின் சாந்-போல்-த-வான்ஸ் கிராமத்தில், லா கொலோம்ப் தோர் என்ற விடுதியில் சந்தித்தார்கள். அப்போது சிமோன், இயக்குநர் ஈவ் அலெக்ரேயின் மனைவி, காத்ரின் என்று மூன்று வயது மகள் இருக்கிறாள். அந்தக் கல்யாணத்தை விட்டு வெளியே வந்து 1951 டிசம்பரில் அதே கிராமத்தில் மோந்தானை மணந்தார்.

1960-ல் மோந்தான் ஹாலிவுட்டில் மன்றோவோடு 'லெட்ஸ் மேக் லவ்' படத்தில் நடித்தார். இரண்டு தம்பதிகளும் பெவர்லி ஹில்ஸ் ஓட்டலில் எதிரெதிர் வீட்டில் இருந்தார்கள். மன்றோவின் கணவர், நாடக ஆசிரியர் ஆர்தர் மில்லர் ஏற்கெனவே இவர்களுக்கு வேண்டியவர், அமெரிக்காவில் இருக்கும் சேலம் என்ற ஊரின் சூனியக்காரிகளைப் பற்றிய அவருடைய நாடகத்தைப் பாரிஸ் மேடையில் 1954-ல் நடித்ததே மோந்தானும் சிஞோரேவும்தான். சிமோன் வேறொரு படத்துக்காக ஐரோப்பாவுக்குத் திரும்பிய பிறகு அந்த உறவு ஏற்பட்டது, உலகத்துப் பத்திரிகைகள் எல்லாம் எழுதித் தீர்த்தன.

அவர் மனதுக்குள் என்ன நடந்தது என்று நான் கற்பனை செய்யப் போவதில்லை. எழுதியதைச் சொல்கிறேன். பழைய நட்சத்திரம் ஜீன் ஹார்லோவுக்குச் சாயம் போட்டுவிட்ட ஒரு வயதான அம்மாள் சனிக்கிழமை தோறும் சான் டியகோவிலிருந்து வருவாராம், சமையலறையில் வைத்து மர்லினுக்கும் சிமோனுக்கும் முடிக்குச் சாயம் போடுவாராம், அந்த அம்மாளின் கதைகளைக் கேட்டுக்கொண்டு இரண்டு பேரும் உட்கார்ந்திருப்பார்களாம். ஒரு நாள் போட்டோ எடுக்கும்போது மர்லின் தன் பட்டுக் கழுத்துத் துணியை எடுத்து இவருக்குக் கொடுத்தார். அது கொஞ்சம் நைந்துபோன பிறகும் சிமோன் அதைக் கட்டிக்கொண்டிருந்தார். தான் அவரை வெறுக்கவே இல்லை என்பது தெரியாமலே மர்லின் செத்துப்போனாரே என்று வருத்தப்பட்டு எழுதுகிறார்.

நீங்கள் "பொறுத்துக்கொண்டார்" என்கிறீர்கள். எனக்கு அந்தச் சொல் ஒட்டவில்லை. பொறுத்துக்கொள்கிற பெண் அந்தத் துணியைப் பெட்டிக்குள் போட்டுப் பூட்டியிருப்பார். இன்னொன்றையும் சொல்ல வேண்டும். வலி இல்லாமல் இருந்திருக்காது, அதன் பிறகுதான் முகம் சட்டென்று மாறியது என்று பலரும் எழுதியிருக்கிறார்கள், குடியும் சிகரெட்டும் அந்த வாழ்க்கையில் உண்டு. பெருந்தன்மையான தேவதையாக அவரைச் செய்து வைக்க எனக்கு விருப்பமில்லை. கடைசிவரை மோந்தானோடுதான் இருந்தார்.

கம்யூனிஸ்டா? (தூத்துக்குடி வாசகர்)

கட்சி அட்டை வாங்கியதே இல்லை, இருவருமே. ஆனால் ரொம்ப வருஷம் கூடவே நடந்தவர்கள். 1956-ல் சோவியத் டாங்கிகள் ஹங்கேரிக்குள் புகுந்த சமயத்தில் மோந்தானுக்கு ரஷ்யப் பயணம் ஏற்பாடாகியிருந்தது. போனால் ஒரு பக்கம் திட்டும், போகாவிட்டால் இன்னொரு பக்கம் திட்டும். போனார்கள். மாஸ்கோவில் சோவியத் தலைவர் குருஷ்சேவே கச்சேரிக்கு வந்து அப்புறம் சாப்பாட்டு மேஜையில் உட்கார்ந்தபோது, ஹங்கேரியைப் பற்றி நேராகவே கேட்டார்கள். அன்றைக்கு அந்த மேஜையில் அதைக் கேட்க எத்தனை பேருக்குத் துணிச்சல் இருந்திருக்கும்?

1960-ல், பிரான்ஸ் அல்ஜீரியாவில் நடத்திய போருக்கு எதிராக 121 பேர் வெளியிட்ட அறிக்கையில் சிஞோரே கையெழுத்துப் போட்டார். கையெழுத்துப் போட்டவர்களுக்கு அரசு வானொலி, தொலைக்காட்சிக் கதவுகள் அடைக்கப்பட்டன. 1970-ல் கோஸ்தா-கவ்ராஸ் இயக்கிய 'லாவ்யூ' வந்தது. பிராக் நகரத்தில் 1952-ல் கம்யூனிஸ்ட் அரசு நடத்திய பொய் வழக்கில் சித்திரவதை செய்து குற்றத்தை ஒப்புக்கொள்ள வைக்கப்பட்ட ஆர்தர் லண்டனாக மோந்தான், மனைவி லீஸாக சிஞோரே. கணவன் தன்னைத் துரோகி என்று ஒப்புக்கொள்வதை அவள் வானொலியில் கேட்கிறாள், கட்சி பொய் சொல்லாது என்று நம்புகிற மனைவி அவள். ஒரு காலத்தில் அதையே நம்பிய ஒருத்தி அந்த வேடத்தில் நிற்கும்போது, அது வெறும் நடிப்பாக எனக்குப் படவில்லை.

இப்போது வயதுக்கு வாருங்கள். ஏன் அவர் எதுவும் செய்துகொள்ளவில்லை? (ஈரோடு வாசகி கேட்டதும், இன்னும் பலர் கேட்டதும்)

1971-ல் வந்த 'லெ ஷா', அதாவது பூனை. பியர் க்ரானியே-தெஃபெர் இயக்கம், சிமெனோன் எழுதிய நாவல், கூட நடித்தவர் ழான் காபேன். பாரிஸுக்கு வெளியே கூர்ப்வுவாவில் ஒரு பழைய வீடு. லா தெஃபான்ஸ் என்ற புது வணிகப் பகுதியின் கட்டடங்களுக்காகச் சுற்றிலும் வீடுகளை இடித்துத் தள்ளிக்கொண்டிருக்கிறார்கள், கிரேனும் தூசியுமாக. அந்த வீட்டுக்குள்ளே, அச்சகத்தில் எழுத்துக் கோத்து ஓய்வு பெற்ற ஒரு கிழவர், சர்க்கஸில் ஊஞ்சல் ஆடி விழுந்து கால் தாங்கித் தாங்கி நடக்கும் அவர் மனைவி. அவருக்குத் தெருவில் கண்டெடுத்த பூனை மேல்தான் பாசம் எல்லாம். ஒரு நாள் அவள் அந்தப் பூனையைச் சுட்டுவிடுகிறாள். அதற்குப் பிறகு பேச்சு கிடையாது. தனித்தனிச் சமையல், ஒரே வீடு. ஏதாவது சொல்ல வேண்டுமென்றால் துண்டுச் சீட்டு.

அந்தப் படம் வந்தபோது சிஞோரேவுக்கு 50 வயதுதான். காபேனுக்கு 66. அவருக்குச் சமமாகத் தெரிய வேண்டும், அதற்காக மேக்கப்பால் தன்னைக் கிழவியாக்கவும் இல்லை, இளமையைக் காட்டவும் இல்லை. கண் வீங்கி, கன்னம் தொங்கி, உடம்பு பருத்து, அப்போது எப்படி இருந்தாரோ அப்படியே வந்தார். மேஜையின் அந்தப் பக்கம் உட்கார்ந்து, தன்னைப் பார்க்கவே மாட்டேன் என்று இருக்கிற கணவரை அவர் பார்க்கிற பார்வையில் கோபம் இருக்கிறது, அதற்கு அடியில் இன்னும் காதலும் இருக்கிறது. சுருக்கத்தை இழுத்துக் கட்டிய முகத்தில் இது நடக்காது, தோல் அசைய வேண்டும். பெர்லின் திரைப்பட விழாவில் இரண்டு பேருக்குமே வெள்ளிக் கரடி விருது கொடுத்தார்கள்.

1977-ல் 'லா வீ தெவான் ஸுவா'. மோஷே மிஸ்ராஹி இயக்கியது. மதாம் ரோஸா, ஹிட்லரின் ஆஷ்விட்ஸ் வதை முகாமிலிருந்து உயிரோடு திரும்பிய யூதப் பெண், ஒரு காலத்தில் உடம்பை விற்றுப் பிழைத்தவள், இப்போது பெல்வில்லில் லிஃப்ட் இல்லாத கட்டடத்தின் உச்சி மாடியில் பாலியல் தொழிலாளர்களின் பிள்ளைகளை வளர்க்கிறாள். ஒவ்வொரு படியாக மூச்சு வாங்கி ஏறுகிறாள். 25 வருஷத்துக்கு முன் தங்கக் கொண்டையோடு அவர் நடித்த கதையும் இதே பெல்வில்தான் என்பதை நினைத்துக்கொண்டு அந்தப் படிக்கட்டைப் பாருங்கள். அந்தப் படம் சிறந்த அயல்மொழிப் படத்துக்கான ஆஸ்கர் வாங்கியது, சிஞோரேவுக்கு பிரான்ஸின் செஸார் விருது.

ஏன் எதுவும் செய்துகொள்ளவில்லை என்று கேட்டீர்கள். டைப்பிஸ்ட் வேலையை ஒளிக்காதவர், மர்லின் விஷயத்தை ஒளிக்காதவர், தான் நம்பி ஏமாந்ததை ஒளிக்காதவர். 1966-ல் லண்டனில் அலெக் கின்னஸோடு மக்பெத் நாடகத்தில் நடித்து விமர்சகர்களிடம் வாங்கிக் கட்டிக்கொண்டதைக்கூட ஒளிக்காதவர். சுருக்கத்தை மட்டும் எதற்கு ஒளிக்கப் போகிறார்? எனக்கு இதுதான் தோன்றுகிறது.

சாகும்போது எப்படி இருந்தார்? (வேலூர் வாசகர்)

கடைசி வருஷங்களில் கண் பார்வை ஏறக்குறைய போய்விட்டது. அந்த நிலையிலும் நடித்தார். எழுத்தும் நிற்கவில்லை. கிழக்கு ஐரோப்பாவிலிருந்து பாரிஸுக்குப் பிழைக்க வந்த யூதக் குடும்பங்களைப் பற்றி 'அதியூ வொலோத்யா' என்று ஒரு பெரிய நாவல், 1985-ல் வெளிவந்து நன்றாக விற்றது. உயிருக்குப் பயந்து கழற்றி வைத்த காமின்கர் என்ற பெயர் இருக்கிறதே, அதன் பக்கம் அவர் திரும்பிப் போன புத்தகம் என்று நான் அதைச் சொல்வேன். அதே வருஷம் செப்டம்பர் 30, நார்மண்டியில் ஓத்தோய் கிராமத்து வீட்டில், கணையப் புற்றுநோயில் இறந்தார், 64 வயது. பாரிஸின் பேர் லாஷேஸ் இடுகாட்டில் அடக்கம் செய்தார்கள். 1991-ல் மோந்தானும் அங்கேயே, பக்கத்திலேயே.

ஒரே ஒரு படம்தான் பார்க்க முடியும் என்றால்? (திருநெல்வேலி வாசகி)

1969-ல் ழான்-பியர் மெல்வில் எடுத்த 'லார்மே தே ஸோம்ப்ர்', நிழல்களின் படை. ஹிட்லர் ஆக்கிரமிப்புக்கு எதிராக ரகசியமாக இயங்கியவர்களின் கதை. லினோ வென்ச்சுரா தலைவர், சிஞோரே மத்தில்த். வீட்டுக்காரருக்கும் மகளுக்கும் தெரியாமல் இயக்கத்தில் இருக்கும் சாதாரணக் குடும்பப் பெண். சாம்பல் நிறக் கோட்டுக்குள் எல்லாவற்றையும் திட்டம் போடுகிற மூளை. பிடிபட்ட தோழனை மீட்க ஜெர்மன் நர்ஸ் உடையில் ஆம்புலன்ஸோடு சிறைக்குள்ளேயே போகிறாள். அவள் செய்யும் ஒரே தவறு, மகளின் போட்டோவைப் பர்ஸில் வைத்திருப்பது. எடுத்துவிடு என்று தலைவர் சொல்கிறார். அவள் எடுக்கவில்லை.

இங்கே ஒரு விஷயம். 1940-ல் குடும்பத்தோடு பிரித்தானிப் பகுதியின் வான் நகரத்தில் தங்கியிருந்தபோது சிமோனுக்கு ஒரு இளம் வரலாற்று ஆசிரியை வகுப்பெடுத்தார். பெயர் லூசி சாமுவெல். பின்னாளில் லூசி ஓப்ராக் என்று பிரான்ஸ் முழுக்கத் தெரிந்த போராளி, ஜெர்மானியர் பிடியில் இருந்த தன் கணவரை 1943-ல் லியோனில் வண்டியை மறித்துத் தாக்கி மீட்டவர். மாணவி ஒரு பக்கம் டைப் அடித்து, பிறகு கூட்டத்தில் நிற்கும் வேடங்களில் நடித்துக்கொண்டிருந்த வருஷங்களில் ஆசிரியை இன்னொரு பக்கம் துப்பாக்கியோடு. அப்படிப்பட்ட பெண்கள் வாழ்ந்த வாழ்க்கையைத்தான் மத்தில்தாக அவர் திரையில் நடித்தார்.

படத்தின் கடைசியில் மத்தில்த் பாரிஸ் தெருவில் நடைபாதையில் வருகிறாள். ஒரு கார் மெதுவாகப் பக்கத்தில் வருகிறது. அவள் திரும்பி, உள்ளே இருப்பவர்களைப் பார்க்கிறாள். சில வினாடிதான். அந்தக் கண்ணில் என்ன இருந்தது என்று நீங்கள் பார்த்துவிட்டு எனக்கு எழுதுங்கள்.